மாசியில் அடை, பங்குனியில் குஞ்சு: கிராமத்து வீட்டின் இளவேனில் வேலைகள்

தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் நாட்டுக்கோழியை அடை வைக்கத் தையும் மாசியும்தான் ஏற்ற மாதங்கள். முட்டை பொரிய 21 நாள் ஆகும். பொரித்த குஞ்சு இறகு முளைத்து, வெயிலைத் தானே தாங்கிக்கொள்ள இன்னும் ஆறேழு வாரம் வேண்டும். மாசி முதல் வாரத்தில் அடை வைத்தால் பங்குனி பிறப்பதற்குள் குஞ்சு இறங்கிவிடும். மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது அவற்றுக்கு ஏழு வாரம் முடிந்திருக்கும். பங்குனி பாதிக்கு மேல் அடை வைத்தால் இரண்டு வாரப் பிஞ்சுகளோடு கத்திரி வெயிலில் மாட்டிக்கொள்ள நேரும்.

கோழி கூடையில் உட்கார்ந்திருக்கும் அந்த 21 நாளுக்குள் தோட்டத்தில் கோடை விதைப்பு, வேலி அடைப்பு, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஏற்பாடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். குஞ்சு இறங்கிவிட்டால் வேறு வேலைக்கு நேரம் கிடைக்காது. காகமும் வல்லூறும் கூட்டில் தங்கள் குஞ்சுகளுக்கு இரை தேடும் காலமும் அதுதான்.

முட்டை சேர்ப்பது

அடை கெட்டுப்போனால் கோழியைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தவறு முட்டையைச் சேர்த்து வைத்த விதத்தில்தான் இருக்கும். ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். 35 டிகிரி வெப்பமுள்ள அடுப்படியில் ஒரு வாரம் கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போயிருக்கும். அதன்மேல் கோழி எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பயனில்லை. அதுதான் கூமுட்டையாகிறது.

வாயகன்ற மண்பானையில் பாதி அளவுக்கு மணல் போட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். மணலின் மேல் ஒரு சிறு கூடையோ தேங்காய் நாரோ வைத்து, அதில் முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். பருத்தித் துணியால் வாயை மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணலின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பானைக்குள் வெளியைவிடக் குளிர்ச்சி இருக்கும். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஓட்டின் துளைகள் வழியே உள்ளே இறங்கலாம். மாசியில் ஐந்தாறு நாள், பங்குனியில் மூன்று நாலு நாள். அதற்கு மேல் பழையதாகிப்போன முட்டை சமையலுக்குத்தான். ஃபிரிட்ஜில் வைத்ததை அடைக்கு எடுக்க வேண்டாம், பொரிப்பு குறையும்.

மிக உருண்டையானது, மிக நீண்டது, ஓடு சொரசொரப்பானது, விரல் நகத்தால் தட்டினால் விரிசல் விட்டதுபோல் ஒலிப்பது ஆகிய முட்டைகளைத் தள்ளிவிடுங்கள். அழுக்கு ஒட்டிய முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு தண்ணீரில் போய்விடும். பிறகு கிருமி எளிதாக உள்ளே நுழையும். காய்ந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் கரு சேர்ந்த முட்டைக்குக் குறைவிருக்காது.

அடைக்கூடை

பகலில் இரண்டு மணி நேரம் கூட்டில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும் கோழியை நம்பி முட்டையை வைக்காதீர்கள். உண்மையில் அடைக்கு வந்த கோழி இரவிலும் கூட்டை விட்டு இறங்காது. கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு கொக்கரிக்கும், வயிற்றுப் பக்க இறகைத் தானே பிடுங்கியிருக்கும். இரண்டு இரவு இப்படி இருந்தால் உறுதி. அதுவரை ஒரு பழைய முட்டையை மட்டும் அதன் அடியில் விட்டு வையுங்கள்.

ஒன்றரை அடி அகலமுள்ள மூங்கில் கூடை நல்லது. தகர டப்பாவும் பிளாஸ்டிக் தொட்டியும் சூடேறும். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டு, நடுவில் கிண்ணம் போலக் குழித்து, அதன்மேல் வைக்கோலைப் பரப்புங்கள். பள்ளம் இல்லாவிட்டால் ஓரத்து முட்டைகள் உருண்டு விலகிக் குளிர்ந்துவிடும். பள்ளம் அதிகமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடையும். வைக்கோலுக்குக் கீழே ஒரு கைப்பிடி நொச்சி இலையும் வேப்பிலையும் வையுங்கள். கோழிச்செள்ளும் பேனும் அண்டாமல் இருக்க இது உதவும். செள்ளு மொய்த்த கோழி அரிப்பு தாங்காமல் 15-ஆம் நாளில்கூட அடையை விட்டு எழுந்துவிடும். அடை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே, அரை அடி ஆழக் குழியில் சாம்பலும் மணலும் கலந்து வைத்து அதை மண்குளியல் போட விட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்பதற்காக. போடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் இடிச்சத்தம் முட்டைக்குள் இருக்கும் கருவைக் கெடுக்காது. இடிக்கு மிரண்டு கோழி எழுந்து ஓடி, முட்டை நெடுநேரம் ஆறிக் கிடந்தால்தான் கெடும். ஆகவே கூடையை வைக்கும் இடம் முக்கியம். அரை இருட்டான மூலையாக இருக்கட்டும். நாயும் பிள்ளைகளும் வந்துபோகாத இடமாகவும், பிற்பகல் வெயில் சுவரைச் சுடாத பக்கமாகவும் பாருங்கள்.

நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை. பெரிய உடம்புக் கோழி என்றால் 14 வரை வைக்கலாம். வயிற்றுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் எண்ணிக்கை அதிகம் என்று பொருள். கோழி முட்டைகளைத் திருப்பி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று வெளியே இருந்தது நாளை உள்ளே போகும், நாளை வேறொன்று வெளியே வந்து குளிரும். இப்படி ஒன்றிரண்டு அதிகமாக வைத்ததாலேயே நாலைந்து முட்டை வீணாகும். இரவில், விளக்கைக் குறைத்துக்கொண்டு முட்டைகளை அடியில் தள்ளுங்கள். பகலில் வைத்தால் சில கோழிகள் மிரண்டு இறங்கிவிடும்.

ஒரே நாளில் இரண்டு கோழிக்கு அடை வைக்க முடிந்தால் நல்லது. ஏழாம் நாள் டார்ச் வெளிச்சச் சோதனையில் கழிந்த முட்டைகள் போக மீதியை ஒன்றுக்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்குப் புது முட்டை வைக்கலாம். இரண்டு கூடைக்கும் நடுவில் சாக்குத் திரை கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே கூடைக்குள் இரண்டும் ஏறி உட்காரும்.

அந்த 21 நாள்

அடைக்கோழியை நாளுக்கு ஒருமுறை, 15 முதல் 20 நிமிடம் கூடையை விட்டு இறங்கச் செய்ய வேண்டும். தானாக இறங்காவிட்டால் இரண்டு கையாலும் தூக்கி விடுங்கள். இறக்கையின் அடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் தூக்குங்கள். கம்பு, சோளம், நெல், சுத்தமான தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த நேரத்தில்தான் அது மொத்தமாக எச்சமிடும். கூடைக்குள்ளேயே எச்சமிட்டால் அழுக்கான வைக்கோலை உடனே மாற்றுங்கள்.

7-ஆம் நாள் இரவு முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு துளை போட்டு, அடியிலிருந்து வெளிச்சம் அடித்து, முட்டையின் அகன்ற முனையைத் துளையின்மேல் வையுங்கள். நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு சேராத முட்டை. நரம்பு இல்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இந்த இரண்டு வகையையும் அன்றே எடுத்துவிடுங்கள். விட்டு வைத்தால் உள்ளே அழுகி வாயு சேர்ந்து கூடையிலேயே வெடிக்கும். மற்ற முட்டைகளும் பாழ். எடுத்தவற்றைத் தோட்டத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்தால் பூசணிக் குழிக்கு எருவாகும். 14-ஆம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். அதன்பிறகு வேண்டாம்.

18-ஆம் நாளிலிருந்து முட்டையைத் தொடவே கூடாது. கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் கூடுதலாக வேண்டும். காற்று வறண்டிருந்தால் ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், உடைத்துக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே சாகும். கூடையின் ஓரத்து மணலில் காலையும் மாலையும் ஒரு கைப்பிடி தண்ணீர் தெளியுங்கள், முட்டையின்மேல் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் அதிகம் பேர் கோட்டை விடுவது எறும்பில்தான். ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததும் அந்த ஈர வாசனைக்குச் சிற்றெறும்பு சாரைசாரையாக வரும். உள்ளே இருக்கும் குஞ்சு ஓடிப்போக முடியாது. கூடையை மூன்று செங்கல்லின்மேல் ஏற்றி, ஒவ்வொரு செங்கல்லையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். கூடை சுவரைத் தொடக் கூடாது. ஒரு வைக்கோல் தாள் சுவரில் பட்டாலும் எறும்புக்குப் பாலமாகிவிடும்.

விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். பாவம் பார்த்து ஓட்டைப் பிய்த்து உதவினால், இன்னும் சுருங்காத ரத்த நாளங்கள் அறுந்து குஞ்சு செத்துவிடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோழி உட்கார்ந்திருக்கையில் தோட்டம்

மாசிப் பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, தண்டங்கீரை ஆகியவை ஒத்து வரும். தக்காளி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பங்குனி, சித்திரை வெப்பத்தில் பூ உதிரும். நிழல்வலை இல்லாமல் அதற்குக் கொட்டும் தண்ணீர் வீண்.

மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி போட்டவர்கள் இப்போது அதைக் கலைத்துவிட வேண்டும். கோடைக்குப் பள்ளப்பாத்தி. தரை மட்டத்திலிருந்து நாலு விரல் பள்ளமாக, மூன்றடி அகலத்தில் எடுங்கள். ஊற்றிய தண்ணீர் ஓடாமல் நிற்கும். பள்ளத்தின் ஓரம் காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிழலும் தரும். 20 சதுர அடிக்கு ஓர் இரும்புச் சட்டி மக்கிய தொழு உரம் போதும். கோழி எச்சத்தை அப்படியே போட்டால் செடி கருகிவிடும், அம்மோனியா அவ்வளவு காரமானது. சருகோடு கலந்து, ஈரம் காத்து இரண்டு மாதமாவது மக்க விட்டு, சூடும் நாற்றமும் அடங்கிய பிறகே எடுக்க வேண்டும்.

வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி விட்டு ஊன்றுங்கள். 45 நாளில் முதல் காய் வரும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். கோடை வெண்டைக்கு எமன் மஞ்சள் நரம்புத் தேமல். இலையின் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போலத் தெரியும். பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது. கண்ட அன்றே பிடுங்கிப் புதையுங்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும்.

கொடிகளுக்குப் பானைப் பாசனத்தைவிடச் சிறந்த முறை இல்லை. எட்டு, பத்து லிட்டர் கொள்ளும் மண்பானையை எடுங்கள். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்தால் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். வியர்க்காவிட்டால் அடிவயிற்றில் ஆணியால் இரண்டு துளை போட்டுப் பருத்தித் திரியைச் செருகுங்கள். இரண்டடி அகல, ஆழக் குழியில் எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, பானையின் கழுத்து ஓர் அங்குலம் வெளியே தெரியும்படி புதையுங்கள். பானையிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி நாலு இடத்தில் விதை ஊன்ற வேண்டும். பாகல், பீர்க்கு விதைக்கு மேல்தோல் கெட்டி. ஒரு நாள் முழுக்க ஊறட்டும். முதல் பத்து நாள் மேலேயும் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும், இளம்வேர் பானையைத் தொட நாளாகும். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் ‘பானைப் பாசனம் சரிவரவில்லை’ என்கிறார்கள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பானைக்கு மூடி கட்டாயம். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். தண்ணீர் தேடி வரும் ஓணானும் அணில்குட்டியும் விழுந்து ஏற முடியாமல் சாகும்.

கொடியில் முதல் வாரங்களில் ஆண்பூவாகவே பூத்துக் கொட்டும். வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூவைக் கூட்டும், கவலை வேண்டாம். பெண்பூவின் கீழே பிஞ்சு தெரியும். அது மஞ்சளித்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம்: பாகலும் பூசணியும் விடியற்காலையில் பூக்கும், பீர்க்கும் சுரையும் மாலையில் பூக்கும். இந்த நேரங்கள் தேனீக்கும் அந்துப்பூச்சிக்கும் உரியவை. அப்போது எதையும் தெளிக்காதீர்கள்.

தெளிக்க வேண்டி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, மாலை 5 மணிக்கு மேல் அடியுங்கள். அன்று பூத்திருக்கும் பீர்க்குக்கும் சுரைக்கும் பக்கத்தில் போக வேண்டாம். கடை விஷ மருந்தை வேண்டாம் என்பதற்குத் தோட்டத்திலேயே காரணம் இருக்கிறது: தவிட்டுக்குருவியும் சிட்டுக்குருவியும் தங்கள் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும், உங்கள் கோழிக்குஞ்சும் நாளை அதைத்தான் கொத்தும். பழ ஈ குத்திச் சொத்தையான பாகலைக் கோழியிடம் போடுங்கள், உள்ளே இருக்கும் புழுவோடு தீர்த்துவிடும்.

மயில் வரும் ஊரில் விதை முளைத்து ஓரடி வளரும்வரை பாத்தியின்மேல் சீமைக்கருவேல முள்ளைப் பரப்பி வைப்பதே பாதுகாப்பு. மயிலைப் பிடிப்பதும் விஷம் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றம். பழைய மீன்வலையை வேலியில் கட்டுபவர்கள் அதன் அடிப்பக்கத்தைத் தரையில் தளர்வாக விடாதீர்கள். சாரையும் நாகமும் அதில் தலையை நுழைத்துச் சிக்கி, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் வெயிலில் செத்துப்போகும். அடிப்பக்கத்தை அரை அடி மேலே தூக்கி இறுக்கிக் கட்டுங்கள்.

வேலியோரத்து உயிர்கள்

பறவைக்குத் தண்ணீர் வைக்கும் மண் தட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கல் வையுங்கள். தேனீயும் அணிலும் நின்று குடிக்கும். புதருக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை பதுங்கிப் பாயும், வெட்டவெளியில் வைத்தால் தண்ணீர் கொதிக்கும். மர நிழலில், சுற்றிலும் ஆறடி தூரத்துக்கு மறைப்பு இல்லாத இடம் பாருங்கள். தினமும் தண்ணீரை மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாத தட்டு நோயைப் பரப்பும், அதற்கு வைக்காமலே இருக்கலாம்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதானால் அடிப்பலகை அரை அடி சதுரம், வாசல் துளை ஒன்றேகால் அங்குலம். துளை அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டு முதல் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

துணி காயப்போடும் கொடியிலோ திண்ணைக் கம்பியிலோ தேன்சிட்டு பை போல ஒரு கூட்டைத் தொங்கவிட்டிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு அந்தக் கொடியை விட்டுக்கொடுங்கள். இரண்டு வாரம் அடை, இன்னும் இரண்டு வாரத்துக்குமேல் குஞ்சு வளர்ப்பு. வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினால் தாய் வராது. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்துத் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.

பனைக்குக் காவோலை கழிக்கும்போது ஒன்றிரண்டு மரத்தையாவது விட்டுவையுங்கள். பனை உழவாரன் குருவி தொங்கும் ஓலையின் மடிப்பில்தான் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். வரப்புமுள்ளையும் சருகுக் குவியலையும் தீ வைத்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை இந்த மாதங்களில் நிறுத்த வேண்டும். தென்மாவட்டங்களில் முள்ளெலி அந்தப் புதரடியில்தான் பகலில் முடங்கியிருக்கும். ஓணானும் அரணையும் முட்டையிடுவதும் அங்கேதான். அரணைக்கு விஷம் கிடையாது. ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற சொல்லால் ஒரு பாவமும் அறியாத பூச்சித்தின்னியை அடித்துக் கொல்கிறோம்.

எலிக்கு விஷக்கட்டி வைக்காதீர்கள். மயங்கித் திரியும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். பொந்தில் குடியிருக்கும் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை இரவெல்லாம் உங்களுக்காக எலி பிடிக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறி வையுங்கள்.

பாம்பு எலியைத் தேடியும், குளிர்ந்த ஈர இடத்தைத் தேடியும் வரும். அந்த இரண்டும் கோழிக்கூட்டிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் கிடைக்கும். விறகைத் தரையில் குவிக்காமல் கல்லின்மேல் ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். வைக்கோல் போர் வீட்டிலிருந்தும் கோழிக்கூட்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். சிந்திய தானியத்தை மாலையில் கூட்டிவிடுங்கள். அடைக்கூடைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எது கடித்தாலும் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குஞ்சு இறங்கிய பிறகு

முதல் நாள் குஞ்சுக்குத் தீவனம் தேவையில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு ஒன்றரை நாள் தாங்கும். எல்லாம் காய்ந்து பஞ்சாகி நின்ற பிறகு தாயோடு இறக்குங்கள். ஆழமற்ற தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் உள்ளே இறங்கி நனைந்து விறைத்துப்போகும். அரிசி நொய், உடைத்த கம்பு, கேழ்வரகு, வேகவைத்து உதிர்த்த முட்டை கொடுக்கலாம். ஆனால் தானியம் மட்டும் தின்ற குஞ்சு சவலையாகவே இருக்கும், புரதம் வேண்டும். அதற்குக் கரையான்.

பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், கந்தல் துணி, தென்னை மட்டைச் சிராய் ஆகியவற்றைத் திணித்து, நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள தரையில் மாலையில் கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்கள். மறுநாள் காலையில் பானைக்குள் கொத்துக்கொத்தாக ஏறியிருக்கும். வெயில் ஏறும் முன் தூக்கிப் போய்க் குஞ்சுகளின் நடுவில் தட்டுங்கள். வீட்டு நிலைக்கதவுக்கும் கூரை மரத்துக்கும் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். பூச்சிமருந்து ஊற்றிய மண்ணிலும் கூடாது.

தாயில்லாமல் வளர்க்க நேர்ந்தால் முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். 25 குஞ்சுக்கு 60 வாட் குண்டுபல்பு ஒன்று, ஓரடி உயரத்தில். அளவுமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும்: பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு.

முதல் 15 நாள் பகலில் பஞ்சாரம் என்னும் கவிழ்கூடைக்குள்தான் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு புது இடத்தில் கவிழ்த்தால் புல்லும் பூச்சியும் கிடைக்கும், எச்சம் ஒரே இடத்தில் சேராது. ஈரம் தேங்கிய தரையில் வைத்தால் ரத்தக்கழிச்சல் வரும். திறந்து விடத் தொடங்கும்போது, முற்றத்தில் இரண்டு மூன்று இடத்தில் காய்ந்த முள்கிளைகளைக் குவித்து வையுங்கள். வானத்தில் நிழல் தெரிந்ததும் தாய் எழுப்பும் குரலுக்குக் குஞ்சுகள் அதனடியில் ஓடி ஒளியும். இந்தச் சின்ன ஏற்பாட்டில் தப்பிக்கும் குஞ்சுகள் ஏராளம். இரவுக்கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். வழக்கமான அறுகோணக் கோழிவலையில் பாம்புக்குட்டி நுழைந்துவிடும். கீரி தோண்டி வருமாதலால் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்க வேண்டும். மரநாய் மேலிருந்து வரும், கூரையை மறக்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். குணமாக்க மருந்து கிடையாது, தடுப்பு மருந்துதான். 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் குடிநீரில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்துக்கு மேல் இறக்கையடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் பெரிய கோழிகளுக்கு இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். கரைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வெயிலில் பையில் போட்டுக் கொண்டு வந்த மருந்தால் பயன் இல்லை.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. கோடைமழையில் அறுத்துவிட்ட சோளத்தின் அடித்தூர் துளிர்த்துப் பசேல் என்று நிற்கும். அந்த இளம்பயிரில் சயனைடு நஞ்சு சேர்ந்திருக்கும். வாய் வைத்த ஆடு சிறிது நேரத்திலேயே விழும். பூக்கும் வரை அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள். அதே மழைக்குப் பிறகு முளைக்கும் தளதளப்பான புல்லால் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் வரும், அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

குஞ்சுகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது தாய் கொத்தி விரட்டத் தொடங்கும். வெண்டையும் கொத்தவரையும் இடுப்பளவு வளர்ந்திருக்கும். அப்போது மாலையில் ஒரு மணி நேரம் அவற்றைத் தோட்டத்துக்குள் விடலாம்; கீரைப் பாத்தியை மட்டும் மூடிவையுங்கள். தாய்க்கோழி சில வாரத்தில் மறுபடி முட்டையிடும், கத்திரி வெயிலிலேயே அடைக்கும் உட்காரப் பார்க்கும். அந்த முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் கம்பிக்கூண்டில் மூன்று நாள் தனியே விட்டால் அடைச்சூடு தணிந்துவிடும். அடுத்த அடைக்கு ஆவணி பிறக்கட்டும்.